எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் விண்டோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியில் நான் வேலை பார்க்கும் கணினி மையத்தில் லினக்ஸ்தான், டெஸ்க்டாப் எக்ஸ்எஃப்சிஇ. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கினால் வாசல் வரை ஆள் நிற்கும். திரையில் விண்ணப்பப் படிவம், சிட்டா பிடிஎஃப், கால்குலேட்டர் மூன்றும் வேண்டும். விவசாயி மாக் கணக்கில் சொல்வார், சிட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். அதனால் தலைப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து 'ஆல்வேஸ் ஆன் டாப்' போட்டு, ஒரு விண்டோவை மற்றவற்றுக்கு மேலேயே நிறுத்தும் பழக்கம் வந்துவிட்டது.

அதில் நான் செய்த பெரிய தவறு, சிட்டா விண்டோவையும் மேலே நிறுத்தியது. ஒரு நாள் ஸ்கேன் செய்த கோப்பை ஏற்றும்போது படிவத்தில் எங்கே கிளிக் செய்தாலும் அசையவில்லை. பிரவுசர் உறைந்துவிட்டது என்று மூடினேன். நிரப்பியதெல்லாம் போயிற்று, அந்தப் பெரியவர் மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. உண்மையில் கோப்பைத் தேர்வு செய்யும் சிறு விண்டோ சிட்டாவுக்கு அடியில் பதிலுக்காகக் காத்திருந்தது. மேலே நிறுத்திய விண்டோக்களுக்குத் தனி அடுக்கு. சாதாரண விண்டோ எவ்வளவு அவசரமாகத் திறந்தாலும் அதைத் தாண்டி வராது. எனவே திரை உறைந்தது போலத் தோன்றினால், மூடுவதற்கு முன் மேலே நிற்பதை நகர்த்திப் பாருங்கள். ஆல்ட் விசையை அழுத்தியபடி விண்டோவின் எந்த இடத்தைப் பிடித்தும் இழுக்கலாம். க்னோம் என்ற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஆல்ட்டுக்குப் பதில் சூப்பர் விசை, அதாவது விண்டோஸ் குறி உள்ள விசை.

மேலே தெரிவதால் தட்டுவது அதற்குள் போகும் என்று நினைப்பதும் தவறு. கால்குலேட்டருக்கு அடித்த எண் சர்வே எண் கட்டத்தில் விழுந்திருக்கிறது. ஒரு முறை கிளிக் செய்துவிட்டு அப்புறம் தட்டுங்கள்.

இரண்டு மூன்றை மேலே நிறுத்தினால் அவை தமக்குள் மறைத்துக்கொள்ளும், பயனே இல்லை. படிவத்தையும் சிட்டாவையும் திரையின் இடது, வலது ஓரங்களுக்கு இழுத்தால் பாதிப் பாதியாக ஒட்டிக்கொள்ளும். கால்குலேட்டர் மட்டும் மேலே இருக்கட்டும்.

விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலண்டில் இயங்கும் க்னோமில் பயர்பாக்ஸின் மிதக்கும் வீடியோ தானாக மேலே நிற்காது. அங்கே ஒரு செயலி தன்னைத்தானே மேலே நிறுத்திக்கொள்ள முடியாது. ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தி வரும் பட்டியலில் நாமே தேர்வு செய்ய வேண்டும். முந்தைய முறையான எக்ஸ்11 காலத்தில் விண்டோவை மேலே நிறுத்தப் பயன்பட்ட டபிள்யூஎம்சிடிஆர்எல் கட்டளையும் வேலண்ட் விண்டோக்களிடம் செல்லாது. மூடித் திறக்கும்போதெல்லாம் மறுபடி போட அலுப்பாக இருந்தால், கேடிஇ என்ற டெஸ்க்டாப்பில் விண்டோ ரூல்ஸ் பகுதியில் கால்குலேட்டருக்கு ஒரு விதி எழுதி வைக்கலாம்.