ஊதா முட்டைக்கோஸ் நிறங்காட்டி: தவறு தொடங்குவது தண்ணீரில்

ஒரு பொருள் அமிலமா காரமா என்பதை ஊதா முட்டைக்கோஸ் சாறு நிறம் மாறிக் காட்டும். எலுமிச்சைக்குச் சிவப்பு, ஆப்பச் சோடாவுக்கு நீலம் என்று படித்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். அடுப்பிலிருந்து இறக்கும்போதே சாறு நீலமாக இருக்கும். கோஸ் சரியில்லை என்று இன்னொன்று வாங்கி வந்து வேகவைப்பார்கள். மறுபடியும் அதே நீலம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு முந்தின இரவு பல வீடுகளில் நடப்பது இதுதான். கோஸின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

போர் தண்ணீரில் கொதிக்க வைப்பது

ஊதா கோஸுக்கு நிறம் தருவது ஆந்தோசயனின் என்ற நிறமி. அமிலமும் காரமும் எவ்வளவு என்று சொல்லும் அளவு பிஎச்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பிஎச் 2, 3 அளவில் சிவப்பு, 7ஐ ஒட்டி ஊதா, 8க்கு மேல் நீலம், 10ஐத் தாண்டினால் பச்சை, 12க்கு மேல் மஞ்சள். உப்புத்தண்ணீர் என்று நாம் சொல்லும் போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறையக் கரைந்திருக்கும். கொதிக்கக் கொதிக்கக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பிஎச் ஏறும். பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு இதன் மிச்சம்தான். நிறம் நன்றாக இறங்கட்டும் என்று பத்து நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிடுவது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது.

நிறம் மாறுவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அந்தப் பைகார்பனேட் நீங்கள் சேர்க்கும் அமிலத்தையும் தின்றுவிடும். 5 மில்லி சாற்றில் விழும் முதல் எலுமிச்சைச் சொட்டு அதிலேயே தீர்ந்துபோகலாம். எலுமிச்சையாவது இரண்டாம் மூன்றாம் சொட்டில் ஈடுகட்டிவிடும். தயிரின் மேல் தேங்கும் தெளிந்த நீர் ஐந்தாறு சொட்டு விட்டும் நிறம் அசையாது. பிள்ளை தயிரில் அமிலம் இல்லை என்று நோட்டில் எழுதிக்கொள்கிறது. கண்ணால் பார்த்ததை நேர்மையாக எழுதிய பிள்ளைக்குத் தப்பான பாடம் பதிவது உண்மையிலேயே எரிச்சல் தருகிறது.

பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. ஆர்ஓ தண்ணீரும் பெரும்பாலும் போதும். 100 கிராம் கோஸைப் பொடியாக நறுக்கி, 250 மில்லி கொதிநீரை அதன்மேல் ஊற்றி, மூடி, 20 நிமிடம் வையுங்கள். அடுப்பில் ஏற்ற வேண்டாம். வடிகட்டி ஆறவிடுங்கள். சந்தேகம் இருந்தால் இந்தச் சாற்றில் 10 சொட்டை 5 மில்லி போர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நீலமானால் காரணம் தெரிந்துவிட்டது.

சோதிக்கும் பொருளைக் கரைக்கவும் அதே டிஸ்டில்டு வாட்டர்தான். சர்க்கரையைப் போர் தண்ணீரில் கரைத்தால் சர்க்கரையும் காரமாகத்தான் தெரியும். ஒரு சோதனைக் குழாயில் வெறும் டிஸ்டில்டு வாட்டரும் 10 சொட்டுச் சாறும் மட்டும் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடுங்கள். அந்தக் குழாய் இல்லாத சோதனையை நம்ப வேண்டாம்.

அலுமினியப் பாத்திரம்

கூடாது. அலுமினியம் நிறமியோடு பிணைந்து சாற்றை நீலமாக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி.

மஞ்சளை வைத்து அமிலம் தேடுவது

மஞ்சள்தூள் நீரிலும் மஞ்சள், எலுமிச்சையிலும் மஞ்சள். காரம் பட்டால் மட்டுமே சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலப்பதும் அதற்காகத்தான். அமிலத்தைக் காட்ட வேண்டுமென்றால் மஞ்சள் தடவிய தாளை முதலில் சோப்பு நீரால் சிவக்க வைத்து, பிறகு எலுமிச்சை விடுங்கள். சிவப்பு மறுபடி மஞ்சளாகும்.

பீட்ரூட்

அதன் சிவப்பு வேறு வகை நிறமி. கடுமையான காரத்தில் மட்டும் மஞ்சளாகும்; எலுமிச்சைக்கும் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

நோட்டுத் தாளில் பட்டை வெட்டுவது

எழுதும் தாள்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும். சாற்றில் நனைத்து உலர்த்தினாலே தாள் நீலம் பாரித்துவிடும். வடிதாள் அல்லது காபி ஃபில்டர் தாள் வாங்குங்கள்.

பழைய சாறு

வெளியே வைத்தால் புளித்துத் தானே சிவக்கத் தொடங்கும். ஐஸ் தட்டில் உறையவைத்து, தேவைக்கு ஒரு கட்டி எடுங்கள்.

பிளீச்சைக் காரப் பட்டியலில் சேர்ப்பது

பிளீச் காரம்தான். ஆனால் பச்சையோ மஞ்சளோ ஒரு கணம் தோன்றி, பிறகு நிறமே போய்விடும். நிறமியை அது அழித்துவிடுகிறது. நிறம் போனதைப் பார்த்து அமிலம் விட்டால் திரும்புமா என்று அதே குழாயில் வினிகரையோ கழிப்பறை ஆசிட்டையோ ஊற்றுகிறார்கள். குளோரின் வாயு வரும். வீட்டில் குழந்தைகள் செய்யும் சோதனையில் இந்த இரண்டு பாட்டில்களையும் மேசைக்கே கொண்டுவர வேண்டாம். பெரியவர்கள் பிளீச்சைச் சோதித்தே ஆக வேண்டுமென்றால், தனிக் குழாய், தனிச் சொட்டுக்குழல், திறந்த வெளி. அந்தச் சொட்டுக்குழலை வினிகர் பாட்டிலுக்குள் விடாதீர்கள்.