லாரியைக் குழுப் பயண வண்டியாக மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நைரோபியிலிருந்து கேப் டவுன் வரை 15, 20 பேரை ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் ஓடும் பயண லாரிகள் கிழக்கு, தென் ஆப்பிரிக்காவில் சர்வசாதாரணம். ஸ்கானியா, மெர்சிடிஸ், மேன் போன்ற சரக்கு லாரிகளின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல் பயணிகளுக்கான பாடி கட்டியிருப்பார்கள். உள்ளே இருக்கைகள், கீழே லாக்கர்கள், பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் சமையல் மேடை. இரவில் எல்லாரும் வெளியே கூடாரம் அடித்துப் படுப்பார்கள். இப்படி ஒரு வண்டியைக் கட்ட நினைப்பவர்கள் சீட், ஜன்னல், ஃப்ரிட்ஜ் என்று கண்ணுக்குத் தெரிவதிலிருந்தே திட்டம் போடுகிறார்கள். வண்டி பாதி வழியில் கெடுவதோ பெரும்பாலும் இரண்டே இடங்களில்: மொத்த எடையில், பாடியும் சேஸிஸும் சேரும் இடத்தில்.

எடையைக் கட்டி முடித்தபின் பார்ப்பது

18 பயணிகள், 2 ஊழியர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 75 கிலோ என்றால் 1,500 கிலோ. பைகள் 400, கூடாரங்களும் மெத்தைகளும் 200, தண்ணீர் 300 லிட்டர் என்றால் 300 கிலோ. டீசல் லிட்டருக்குச் சுமார் 0.84 கிலோ, 400 லிட்டருக்கு 336. உணவும் ஃப்ரிட்ஜும் 250, அடுப்பு, சிலிண்டர், பாத்திரம் 100, இரண்டு ஸ்டெப்னி 220, கருவிகளும் உதிரி பாகங்களும் 150. கிட்டத்தட்ட மூன்றரை டன் ஆகிவிட்டது, இன்னும் பாடியைக் கணக்கில் எடுக்கவே இல்லை. இரும்புச் சட்டத்தில் கட்டிய பாடி இருக்கைகளோடு இரண்டரை முதல் மூன்று டன் வரும். 12 டன் லாரியின் (சுமையோடு மொத்த எடை வரம்பு 12 டன்) வெறும் சேஸிஸும் கேபினும் மட்டும் நாலு டன்னுக்கு மேல். கூட்டினால் மொத்த வரம்புக்குள் அடங்குவது போலத் தெரியும், ஆனால் பின் ஆக்சில் (சக்கர அச்சு) மட்டும் தன் வரம்பைத் தாண்டி நிற்கும். இத்தனை பேருக்கு 18 டன் வகை 4x2 (பின் சக்கரங்களுக்கு மட்டும் இன்ஜின் விசை போகும்) சேஸிஸ்தான் சரி.

அதனால் இரும்பு வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பொருளும் எங்கே உட்காரும் என்று ஆக்சில் வாரியாகக் கணக்குப் போடுங்கள். ஒரு உதாரணம்: இரண்டு ஸ்டெப்னிகளையும் பின் சுவரில் மாட்டுவது பலர் செய்வது. பின் ஆக்சிலிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி 220 கிலோ தொங்கினால், வீல்பேஸ் (இரண்டு ஆக்சிலுக்கும் இடைப்பட்ட தூரம்) 5 மீட்டர் உள்ள வண்டியில் பின் ஆக்சிலுக்கு 330 கிலோ கூடுகிறது, முன் ஆக்சிலில் 110 கிலோ குறைகிறது. ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் அந்த அளவுக்குப் பிடிமானம் இழக்கும். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில், சேஸிஸ் மட்டத்தில் மாட்டுவதே நல்லது. கூரை மேல் மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் டாங்க், டீசல் டாங்க், சமையல் லாக்கர் மூன்றையும் ஒரே பக்கம் வைத்தால் அந்தப் பக்கக் கமான் பட்டை சீக்கிரம் உட்கார்ந்துவிடும். டாங்குக்குள் தடுப்புத் தகடுகள் இல்லையென்றால், பாதி நிறைந்த தண்ணீர் ஒவ்வொரு பிரேக்குக்கும் மோதி அதன் பிடிப்பட்டிகளை அறுக்கும்.

பாடியைச் சேஸிஸோடு இறுக்கிக் கட்டுவது

லாரியின் சேஸிஸ் முறுக்கிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. மேடுபள்ளத்தில் இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் தூக்கினால் இரண்டு நீளச் சட்டங்களும் எதிரெதிராகத் திரும்பும். நீளமான கெட்டியான பெட்டியால் அப்படித் திரும்ப முடியாது. அதை எட்டு இடத்தில் போல்ட் போட்டு இறுக்கினால் ஜன்னல் மூலைகளில் விரிசல் விழும், கதவு மூடாது, கடைசியில் சேஸிஸ் சட்டமே வெடிக்கும்.

பாடியை ஒரு சப் ஃபிரேம் (சேஸிஸ் மேல் வைக்கும் துணைச் சட்டம்) மேல் கட்டுங்கள். அந்த சப் ஃபிரேமைப் பின் ஆக்சில் பகுதியில் உறுதியாகவும், முன்பக்கம் ஸ்பிரிங் மாட்டிய போல்ட்டுகளாலும் பிடிக்க வேண்டும். சேஸிஸ் முறுக்கும்போது ஸ்பிரிங் அமுங்கி இடம் கொடுக்கும், திரும்பியதும் பழைய இடத்துக்கு வந்து உட்காரும். பக்கவாட்டில் நகராமல் இருக்க இரண்டு பக்கமும் வழிகாட்டித் தகடுகள் தேவை. பாடியை மூன்றே இடத்தில் தாங்கும் மூன்று புள்ளிப் பிடிப்பும் நல்ல முறைதான், ஆனால் அதன் நடுச் சுழல் மூட்டு தேய்ந்தால் வழியில் கிடைக்காது. ஸ்பிரிங்கும் போல்ட்டும் சின்ன ஊர்ப் பட்டறையிலும் கிடைக்கும்.

சேஸிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. வளையும் விசை அதிகபட்சமாக இருப்பது அங்கேதான். அந்த இரும்பின் பலமும் வெல்டிங் சூட்டில் குறையும். பிடிப்புகளை நடுச் சுவரில், தயாரிப்பாளரின் பாடி கட்டுமானக் கையேடு அனுமதிக்கும் இடங்களில், டிரில் போட்ட துளைகளில் போல்ட்டால் மாட்டுங்கள். கேஸ் கட்டரால் துளை எரிக்காதீர்கள். யூ போல்ட் போட்டு இறுக்கினால் சட்டத்தின் விளிம்பு உள்ளே வளையும். அது வளையாமல் இருக்க உள்ளே வைக்கும் மரத்துண்டு நாளடைவில் சுருங்கி எல்லாம் தளரும். பாடியில் எங்கே வெல்டிங் வைத்தாலும் முதலில் பேட்டரியையும் கன்ட்ரோல் யூனிட்டுகளையும் கழற்றி, எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே போடுங்கள். தூரத்தில் போட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும்.

உள் அலங்காரம் தொடங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இடது முன்சக்கரத்தையும் வலது பின்சக்கரத்தையும் 30 செ.மீ. உயரக் கட்டைகளில் ஏற்றி நிறுத்தி, எல்லாக் கதவுகளையும் திறந்து மூடிப் பாருங்கள். கேபினுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியை நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் வழி வைத்திருந்தால் அது மடியும் ரப்பர் உறையாக இருக்க வேண்டும். தகடு வைத்து அடைத்தால் கிழிந்துவிடும்.

பயணிகள் உயிரோடு விளையாடுவது

இதில் சமரசமே கூடாது. இருக்கையைப் பிளைவுட் தரையில் திருகாணியால் மாட்டிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன. மோதலில் வேகம் 10 ஜி (புவியீர்ப்பின் பத்து மடங்கு) அளவில் குறைந்தால் 75 கிலோ ஆள் பெல்ட்டை 750 கிலோ விசையால் இழுப்பார். பிளைவுட் அதைத் தாங்காது, இருக்கை ஆளோடு பறக்கும். இருக்கைக் கால்கள் சப் ஃபிரேமின் குறுக்குச் சட்டங்களோடு இணைந்த இரும்புத் தண்டவாளத்தில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பெஞ்சுகள் இடத்தை மிச்சப்படுத்தும், ஓடும் வண்டியில் அவை ஆபத்து.

பெரிய ஜன்னலுக்காக நடுத்தூண்களை வெட்டுவது இன்னொரு கொடுமை. வண்டி கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவது அந்தத் தூண்கள்தான். வண்டி எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் வெளியேற வழி வேண்டும்: கூரையில் இரண்டு திறப்புகள், வாசலுக்கு எதிர்ப்பக்கம் குறைந்தது 50×70 செ.மீ. அவசர ஜன்னல்கள், கண்ணாடி உடைக்கும் சுத்தியல். பின்னால் ஒருவர் மயங்கி விழுந்தாலும் ஓட்டுநருக்குக் கேட்காது என்பதால் மணியோ இன்டர்காமோ கட்டாயம்.

இந்த வழித்தடத்தில் கென்யா, தான்சானியா, மலாவி, சாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா என எல்லா நாடுகளிலும் வண்டி இடப்பக்கமாகத்தான் போகும். ஐரோப்பாவில் வாங்கிய பெட்டியில் கதவு வலப்பக்கம் இருந்தால் பயணிகள் நடுரோட்டில் இறங்குவார்கள். கதவை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

தூசியும் புகையும்

ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும். பின் சுவரில் ஜன்னலோ காற்றுத் திறப்போ வைத்தால் தூசியோடு புகையும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். காற்று உள்ளே வரும் வழி முன்பக்க உயரத்தில் இருக்கட்டும். புகைக்குழாயின் வாய் எந்தத் திறக்கும் ஜன்னலுக்கும் கீழே வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. சிலிண்டர் லாக்கர் பயணிகள் பகுதியிலிருந்து முழுதும் அடைபட்டு, அடித்தட்டில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும்.

மின்சாரம்

லாரியில் 24 வோல்ட். 12 வோல்ட் ஃப்ரிட்ஜுக்காக இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்தால் ஒன்று காலியாகி, மற்றொன்று அதிகமாகச் சார்ஜ் ஆகி இரண்டும் சாகும். 24-12 கன்வர்ட்டர் போடுங்கள். ஸ்டார்ட்டிங் பேட்டரியைத் தனியாகப் பிரித்து, ஃப்ரிட்ஜ் போன்ற பாடியின் உள் உபயோகத்துக்கு வேறு பேட்டரி வையுங்கள். ஒயரின் தடிமனைக் கணக்குப் போட்டே வாங்க வேண்டும்: 6 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 20 ஆம்பியர் போனால் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், ஃப்ரிட்ஜ் தானாக நின்று இறைச்சி அழுகும். 10 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான். ஃபியூஸ் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் அல்ல, பேட்டரிக்குப் பக்கத்தில்.

இன்ஜினும் சக்கரமும்

யூரோ 6 (ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) இன்ஜினுக்குக் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுள்ள டீசல் தேவை. தென்னாப்பிரிக்காவிலேயே 500 பிபிஎம் டீசல் விற்கிறது. புகை வடிகட்டிகள் அடைத்து நடுக்காட்டில் நிற்பதைவிடப் பழைய யூரோ 2, 3 இன்ஜின் மேல். 4x4 தேடிப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம்: முதன்மைச் சாலைகளுக்கும் சரளை ரோட்டுக்கும் டிஃபரென்ஷியல் லாக் (இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்துச் சுற்ற வைப்பது) உள்ள 4x2 போதும், மணலில் சக்கரத்துக்கு அடியில் போடத் தகடுகள் எடுத்துக்கொள்ளலாம். தான்சானியாவின் ங்கொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்துக்குள் இந்த லாரிகளை விடுவதில்லை, அங்கே சிறிய ஜீப்புகளில்தான் போக வேண்டும். டயர் அளவு, வழியில் ஓடும் சரக்கு லாரிகளின் அளவாகவே இருக்கட்டும்.

முதல் ஓட்டத்தைப் பயணிகளோடு வைக்காதீர்கள். மூன்றரை டன் மணல் மூட்டைகளை இருக்கைகளிலும் லாக்கர்களிலும் கணக்குப்படி அடுக்கி, எடை மேடையில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாக எடை போடுங்கள். பிறகு அலையலையாகக் கிடக்கும் சரளை ரோட்டில் 200 கி.மீ. ஓட்டுங்கள். சப் ஃபிரேம் போல்ட் ஒவ்வொன்றிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தால், திரும்பி வந்ததும் எது நகர்ந்தது என்று ஒரே பார்வையில் தெரியும். நகர்ந்ததை இறுக்கி, மறுபடி 500 கி.மீ. ஆனதும் பாருங்கள்.