பெர்லினில் முதல் ரூம்: வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

பெர்லினுக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகள் விசா கைக்கு வந்ததும் என்னிடம் கேட்பது, "அக்கா, அங்கே ரூம் வாடகை எவ்வளவு?" நானும் வரும்போது எல்லோரிடமும் அதைத்தான் கேட்டேன். முதல் நான்கு மாதத்தில் மூன்று வீடு மாறிய பிறகு சொல்கிறேன், வாடகையை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, "இந்த விலாசத்தில் என் பெயரைப் பதிய முடியுமா?" இதற்குத் தெளிவாக ஆமாம் என்று சொல்லாத ரூம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். காரணம் ஆறாவது படியில் இருக்கிறது. அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடுங்கள்.

விசா, விமானம், சிம் கார்டு பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை.

படி 1: ஊரில் இருக்கும்போதே

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே ஸ்டூடியரெண்டன்வெர்க் பெர்லின் நடத்தும் மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியல் நீளம். வந்தால் நல்லது என்று போட்டுவைத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

அப்புறம் முதல் மூன்று, நான்கு வாரத்துக்கு மட்டும் தங்க ஓர் இடம் பாருங்கள். ஹாஸ்டலோ, தெரிந்தவர் வீடோ, யாராவது ஊருக்குப் போகும்போது தற்காலிகமாக விடும் ரூமோ போதும். அந்தத் தற்காலிக ரூமுக்கு இங்கே ட்ஸ்விஷன்மீட்டெ என்று பெயர். நிரந்தர ரூமை ஊரிலிருந்தே முடித்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டாதீர்கள். நேரில் பார்க்காமல் பணம் கட்டி ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான்.

பணக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். முடக்கக் கணக்கில், அதாவது விசாவுக்காகத் திறக்கும் ப்ளாக்டு அக்கவுண்டில், ஒரு வருடத்துக்கு நீங்கள் போட்ட 11,904 யூரோ, மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். மருத்துவக் காப்பீடு நூறு யூரோவுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். நான் தேடியபோது பகிர்ந்து வாழும் வீட்டில் ஒரு ரூம் 550 முதல் 700 யூரோ வரை இருந்தது. மீதியில்தான் சாப்பாடு.

படி 2: விளம்பரத்தை வாசிக்கக் கற்றுக்கொள்வது

மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். கால்ட்மீட்டெ என்றால் வெறும் வாடகை. வார்ம்மீட்டெ என்றால் தண்ணீர், குப்பை, பெரும்பாலும் ஹீட்டர் செலவும் சேர்ந்த வாடகை. உங்கள் கணக்குக்கு இதுதான் வேண்டும். மின்சாரமும் இன்டர்நெட்டும் பல சமயம் தனியாக வரும், கேட்டுக்கொள்ளுங்கள். கௌட்சியோன் என்றால் நம் ஊர் அட்வான்ஸ். சட்டப்படி இது மூன்று மாத கால்ட்மீட்டெக்கு மேல் போகக்கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. பத்து மாத அட்வான்ஸ் பார்த்துப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இன்னொன்று, இரண்டு அறை வீடு என்றால் நம் ஊர் டபுள் பெட்ரூம் இல்லை. ஹாலையும் சேர்த்து இரண்டு அறை.

படி 3: எங்கே தேடுவது

ரூமுக்கு நான் பரிந்துரைப்பது வேகே-கெசூக்ட் தளம் ஒன்றைத்தான். வே.கே. என்பது நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டைப் பகிர்ந்து வாழ்வது. இரண்டாவதாக க்ளைன்அன்ட்சைகன் பார்க்கலாம். இம்மோஸ்கௌட் முழு வீடு எடுப்பவர்களுக்கு. சம்பளச் சீட்டும் ஷூஃபா என்ற கடன் வரலாற்றுச் சான்றும் கேட்பார்கள், புதிதாக வந்தவர்களிடம் இரண்டும் இருக்காது. டாவுஷ் என்று போட்டிருந்தால் வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்பவர்கள், தாண்டிப் போய்விடுங்கள்.

பகுதி விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். நகரத்தின் நடுவை ரிங்பான் ரயில் வட்டமாகச் சுற்றி வருகிறது, ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். டிக்கெட் கணக்கில் அந்த வட்டத்துக்குள் ஏ மண்டலம், வெளியே நகர எல்லை வரை பி. எல்லோரும் க்ரொய்ட்ஸ்பெர்க், நொய்கொல்ன் என்று உள்ளேயே தேடுகிறார்கள். லிஷ்டன்பெர்க், ஸ்பாண்டௌ, ரைனிக்கன்டோர்ஃப் பக்கமும் பாருங்கள். பகுதியின் பெயரைவிட, வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதுதான் ஜனவரி மாதக் குளிரில் முக்கியம்.

கேட்டு வைப்பதும் ஒரு வழி. என் இரண்டாவது ரூம், பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலில் பூஜை முடிந்து பேசிக்கொண்டிருந்த ஓர் ஈழத்து அம்மா மூலம் கிடைத்தது. "பிள்ளை, எங்கட சொந்தக்காரர் வீட்டில ஒரு அறை கிடக்கு, கேட்டுச் சொல்லுறன்" என்றார். மறுநாள் போன் வந்தது.

படி 4: பதில் எழுதுவது

நல்ல ரூமுக்கு ஒரு நாளில் நூற்றுக்கும் மேல் கடிதம் போகும். விளம்பரம் வந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் எழுதுங்கள். ஜெர்மனில் எழுதுங்கள், டீப்எல் மொழிபெயர்ப்புத் தளம் போதும். எட்டு, பத்து வரிக்கு மேல் வேண்டாம். யார் நீங்கள், என்ன படிக்கிறீர்கள், எப்போதிலிருந்து எவ்வளவு காலத்துக்கு வேண்டும், அவர்கள் எழுதியதில் உங்களுக்குப் பிடித்த ஒரு விஷயம். அவ்வளவுதான்.

விளம்பரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். நடுவில் எங்காவது "உன் கடிதத்தை அன்னாசி என்று தொடங்கு" என்பதுபோல் ஒரு சொல்லை ஒளித்து வைத்திருப்பார்கள். அது இல்லாத கடிதத்தைத் திறக்கவே மாட்டார்கள்.

நம் நீ, நீங்கள் போல ஜெர்மனிலும் டூ, ஸீ உண்டு. மாணவர்கள் போட்ட விளம்பரத்தில் டூ என்றிருந்தால் நீங்களும் டூ என்றே எழுதலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஹவுஸ் ஓனருக்கு எழுதும்போது மட்டும் கட்டாயம் ஸீ.

அழைத்தார்கள் என்றால் சமையலறையில் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசுவார்கள். சமைப்பாயா, விருந்தாளிகள் வருவார்களா, சுத்தம் செய்யும் முறைப்பட்டியல் சரிதானா என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள். "தினமும் சமைப்பேன், கடுகு தாளிப்பேன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வேன்" என்று நான் சொன்னேன். ஒரு வீட்டில் முகம் சுளித்தார்கள். இன்னொரு வீட்டில் "எங்களுக்கும் கற்றுக்கொடு" என்றார்கள். அப்படிக் கேட்ட வீட்டில்தான் இன்று வரை இருக்கிறேன், அது என் மூன்றாவது ரூம். மிக்ஸியை மட்டும் இரவு பத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் தொடக்கூடாது. சட்னியைச் சனிக்கிழமையே அரைத்து வைத்துவிடுவேன்.

படி 5: பணம் கொடுக்கும் முன்

வீட்டைப் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். ஏமாற்றுபவர்களின் கதை எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன், பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்ப வரும்." எனக்கே இரண்டு வந்தன. நகர நடுவில் பால்கனியோடு தனி வீடு, வாடகை 450 யூரோ. அந்தப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன், வேறொரு நாட்டு ஹோட்டல் அறை.

ஊரிலிருந்தே முடித்தாக வேண்டிய கட்டாயம் இருந்தால் வீடியோ காலில் அழையுங்கள். "ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டுங்கள், அப்படியே கீழே இறங்கி அழைப்பு மணிப் பலகையில் இருக்கும் பெயரைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். உண்மையான ஆள் காட்டுவார்.

படி 6: விலாசப் பதிவு

இதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். குடிபுகுந்த 14 நாட்களுக்குள் பியூர்கராம்ட் என்ற குடிமக்கள் அலுவலகத்தில் உங்கள் விலாசத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம். இது நடந்தால்தான் மற்றதெல்லாம் நகரும். பல வங்கிகள் பதிந்ததற்கான தாளைக் கேட்கும். விசா நீட்டிப்புக்குக் கேட்பார்கள். பகுதி நேர வேலைக்கு வேண்டிய 11 இலக்க வரி எண்ணும் பதிந்த பிறகுதான் வீட்டுக்குத் தபாலில் வரும். அந்த எண்ணைக் கொடுக்க முடியாவிட்டால் ஆறாவது வரி வகுப்பில் போட்டுச் சம்பளத்தில் அதிகமாகப் பிடிப்பார்கள்.

என் முதல் ரூம் 480 யூரோ. மலிவு என்று சந்தோஷமாகக் குடிபோனேன். வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட், நிரப்பிய படிவம் எல்லாம் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் அம்மா எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தை மட்டும் இரண்டு விரலால் மேசை மேல் என் பக்கம் நகர்த்தினார். ஒப்பந்தம் போதாதாம். வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங் வேண்டுமாம். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், "இன்னார் இந்தத் தேதியில் என் வீட்டில் குடிவந்தார்" என்று வீட்டைக் கொடுத்தவர் கையெழுத்துப் போடும் ஒரு பக்கத் தாள்தான். ரூம் விட்டவரிடம் போய்க் கேட்டேன். அவரே வாடகைக்கு இருப்பவர், ஹவுஸ் ஓனருக்குத் தெரியாமல் எனக்கு உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். கையெழுத்துப் போட முடியாது என்றார். அந்த ரூம் ஏன் அவ்வளவு மலிவாக இருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. ஐந்தாவது வாரம் காலி செய்தேன்.

அதனால் ரூம் பார்க்கப் போகும்போதே மூன்றையும் கேளுங்கள். ஆன்மெல்டுங் செய்யலாமா? அந்தத் தாளை யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்? உள்வாடகை என்றால் ஹவுஸ் ஓனரின் அனுமதி எழுத்தில் இருக்கிறதா? "பிறகு பார்க்கலாம்" என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் நேரம் வாங்குவது அடுத்த வேலை. பெர்லினின் 12 மாவட்டங்களில் எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் பதியலாம், உங்கள் பகுதிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நகர இணையதளத்தைக் காலையில் திறந்து வைத்துப் பாருங்கள், யாராவது ரத்து செய்த நேரம் வந்து விழும். 14 நாளுக்குள் கிடைக்காவிட்டால் கிடைத்த தேதியைப் பதிவு செய்து, அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

படிவத்தில் மதம் கேட்கும் ஒரு கட்டம் உண்டு. கத்தோலிக்கர் அல்லது புரோட்டஸ்டண்ட் என்று குறித்தால் சம்பாதிக்கும்போது திருச்சபை வரி பிடிப்பார்கள். பெர்லினில் அது வருமான வரியில் 9 விழுக்காடு. நம் கிறிஸ்தவ நண்பர்கள் பலர் விஷயம் தெரியாமல் நிரப்புகிறார்கள். தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

படி 7: தபால் பெட்டியில் பெயர்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே விலாசத்தில் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, அவ்வளவுதான். கட்டடத்துக்குக் கீழே வரிசையாகத் தகரப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பெயர். தபால்காரர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லை என்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும்.

இரண்டாவது ரூமில் என் பெயரை அழகாக எழுதி ஒட்டினேன். ஆனாலும் வங்கி அட்டை வரவில்லை, வரி எண் வரவில்லை, காப்பீட்டு அட்டை வரவில்லை. ஐந்து வாரம் கழித்து எதிர்வீட்டுப் பாட்டி ஒரு கடிதத்தை நீட்டி, இது யார் என்று கேட்டார். பார்த்தால் என் அப்பா பெயருக்கு முன்னால் "திருமதி" போட்டிருந்தது. நமக்கு இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ அது விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மனியில் எல்லோரும் உங்களைக் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள், கடிதமும் அந்தப் பெயருக்குத்தான் வரும். பெட்டியில் என் பெயர் மட்டும் இருந்ததால் தபால்காரருக்கு அப்படி ஒரு ஆளே அங்கே இல்லை.

ஆகவே பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் இரண்டு பெயரையும் எழுதுங்கள், அப்பா பெயரைக் கொஞ்சம் பெரிதாக. தபால் பெட்டியில் ஒன்று, கீழே அழைப்பு மணியில் ஒன்று. மழை பட்டால் மை கரையும், மேலே டேப் ஒட்டுங்கள். சாவி வாங்கிய அன்றே, பயணப் பெட்டியைப் பிரிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

பின்சேர்க்கை 1: "வானொலிக் கட்டணம் என்று கடிதம் வந்திருக்கிறது, மோசடியா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மோசடி இல்லை, பொது வானொலிக்கும் டிவிக்கும் வாங்கும் கட்டணம். பதிவு செய்ததும் எல்லோருக்கும் வரும். நான் கட்டுவது மாதம் 18.36 யூரோ, அது வீட்டுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று இல்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே யாராவது கட்டினால் அவருடைய எண்ணை எழுதிப் பதில் அனுப்பினால் போதும். கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

பின்சேர்க்கை 2: காலி செய்யும்போது சுவரில் கீறல் என்று அட்வான்ஸில் பிடித்துவிட்டார்கள் என ஒரு தங்கை எழுதியிருந்தாள். சாவி வாங்கும் நாளிலேயே ஊபர்காபெ-புரோட்டோகோல் என்ற ஒப்படைப்புத் தாளை இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் எண்கள், சாவி எத்தனை, எங்கே கீறல், எங்கே கறை எல்லாம் அதில் வரட்டும். தாள் இல்லை என்று சொன்னால் நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி நீட்டுங்கள். கையோடு அறையின் நான்கு மூலையையும் படம் எடுத்து அன்றைக்கே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், தேதி அதிலேயே பதிந்துவிடும்.