படிவம் நான்கில் எத்தனை அறிவியல் பாடம் எடுப்பது?

மலேசியாவில் படிவம் மூன்றின் இறுதியில் நடந்த பி.டி.3 அரசுத் தேர்வு 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது பள்ளி மதிப்பீட்டையும் ஆண்டிறுதித் தேர்வையும் வைத்துத்தான் படிவம் நான்கில் பாடம் ஒதுக்குகிறார்கள். பாடத் தேர்வுத் தாள் வீட்டுக்கு வந்த பிறகு பேசுவது தாமதம். படிவம் மூன்றின் நடுவிலேயே உட்கார்ந்து பேசுங்கள்.

பிள்ளைக்குப் பிடித்த இரண்டு மூன்று துறைகளை எழுதி, ஒவ்வொன்றும் படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் என்ன கேட்கிறது என்று பாருங்கள். மருத்துவம் என்றால் சலுகையே இல்லை: இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும், கணிதம் அல்லது அட் மேத்ஸிலும் (கூடுதல் கணிதம்), இன்னொரு பாடத்திலும் குறைந்தது பி கிரேடு வேண்டும். பொறியியலுக்கு இயற்பியலும் அட் மேத்ஸும்தான் முதுகெலும்பு. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளில் பொறியாளராக நினைக்கும் பினாங்குப் பிள்ளை உயிரியலை விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தாதிமை டிப்ளோமாவுக்குக் கணிதத்தையும் ஓர் அறிவியலையும் பார்ப்பார்கள். அது பொது அறிவியலாகவே இருக்கலாம். சட்டத்துக்குத் தூய அறிவியல் தேவையில்லை.

அடுத்தது கணக்கு. இதை அவசரப்படாமல் பாருங்கள். கால்குலேட்டர் இல்லாமல் இரண்டு கேள்வி கொடுங்கள். உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் ஆரத்தைத் தனியாக்கச் சொல்லுங்கள். 12 கிராம் கார்பன் ஒரு மோல் என்றால் 3 கிராம் எத்தனை மோல் என்று கேளுங்கள். விடையைவிட, எங்கே நிற்கிறான் என்பதே முக்கியம். குறி தப்பினால் பயிற்சி போதும். எப்படித் தொடங்குவதென்றே தெரியாவிட்டால் படிவம் இரண்டின் இயற்கணிதம் பதியவில்லை. இயற்பியலும் அட் மேத்ஸும் அந்த இடத்திலேயே இடறும். "கெமிஸ்ட்ரி வரவில்லை" என்று புலம்பும் பலருக்கு வராதது விகிதம்தான். மோல் பாடம் படிவம் நான்கின் மூன்றாம் அத்தியாயத்திலேயே வந்துவிடும். விடுமுறையில் வாரம் மூன்று நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் பழைய இயற்கணிதத்தைப் போட வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உயிரியலின் சிக்கல் வேறு. அங்கே படிக்க வேண்டிய அளவும் மொழியும்தான் பாரம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு மலாய்க் கலைச்சொற்கள் தடையாகலாம். படிவம் நான்கு புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்துத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வார்த்தை மட்டும் தடுக்கிறதா, கருத்தே புரியவில்லையா என்று அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். எல்லாப் பள்ளியிலும் எல்லாச் சேர்க்கையும் கிடைக்காது. உயிரியல் இல்லாமல் இயற்பியலும் வேதியியலும் எடுக்கலாமா, எந்த வாரம் வரை மாற்றலாம், தமிழ்மொழி வகுப்பு எந்த நேரம் என்று கேளுங்கள். தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்தால் டியூஷனை வேறு நாளுக்கு மாற்றுங்கள்; தமிழை வெட்டாதீர்கள், அதுவும் எஸ்.பி.எம். பாடம்தான்.

தோழர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காக இயற்பியல், வேதியியல், உயிரியல், அட் மேத்ஸ் நான்கையும் எடுப்பது, பயத்தில் நான்கையும் விடுவது, இரண்டுமே வேண்டாம். முடிவாகவில்லை என்றால் சற்றுக் கூடுதலாகவே தொடங்கலாம். முதல் தேர்வுக்குப் பிறகு ஒரு பாடத்தைக் கைவிடுவது எளிது. புதிதாகச் சேர்வது கடினம், அதற்குள் அட் மேத்ஸில் சார்பு அத்தியாயம் முடிந்திருக்கும்.