உதடு வீங்கினால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? படிப்படியாக ஒரு விளக்கம்

உதடு வீங்கினால் நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு, "ராத்திரி ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்" என்பதுதான். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பழியைப் பூச்சி மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்ததால், திரும்பத் திரும்ப வீங்கி, கடைசியில் நாக்கு, தொண்டை வரை போன வீக்கங்களும் உண்டு. காரணத்தை நெருங்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. எவ்வளவு நேரத்தில் வீங்கியது, அரிக்கிறதா இல்லையா என்ற இரண்டையும் ஒழுங்காகக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: உதட்டை விடுங்கள், மூச்சைப் பாருங்கள்

நாக்கு தடிக்கிறதா? குரல் கரகரக்கிறதா? எச்சில் விழுங்க முடியாமல் வழிகிறதா? மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா? உடம்பெல்லாம் தடிப்போடு வாந்தியோ தலைசுற்றலோ வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடுமையான அலர்ஜியில் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். வீட்டில் இருக்கும் அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும், அடைக்கிற மூச்சைத் திறக்காது. அதைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிவைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம். எழுந்து நடக்கவிடக் கூடாது. ஊசி போட்டுச் சரியான பிறகும் ஆஸ்பத்திரியில் சில மணி நேரம் இருக்கச் சொல்வார்கள். அடங்கிய அலர்ஜி சிலருக்கு மறுபடி கிளம்பும் என்பதால் "அதான் நல்லாயிடுச்சே" என்று கிளம்பிவிடாதீர்கள்.

படி 2: கடிகாரத்தைப் பாருங்கள்

சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கியிருந்தால், கடைசியாக வாய்க்குள் போனது என்ன என்று யோசியுங்கள். இறால், நண்டு, வேர்க்கடலை, முந்திரி, முட்டை, பால் ஆகியவை வழக்கமான ஆட்கள். புரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளையும், சில ஆன்டிபயாடிக்குகளையும் மறந்துவிடாதீர்கள். தேனீ, குளவி, எறும்பு கடித்திருந்தால் கடித்த இடம் பெரும்பாலும் சுருக்கென்று வலித்திருக்கும்.

மீனில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். அலர்ஜி வந்தால் நம் உடம்பில் சுரப்பதும் இதே பொருள்தான். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. அதே குழம்பைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் முகம் சிவந்து, வாயைச் சுற்றி மதமதவென்று இருந்தால், கோளாறு அந்த மீனில்தான் இருக்கும். அவர்கள் வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்க வேண்டியதில்லை.

ஒரு நாள், இரண்டு நாள் கழித்து மெதுவாக வீங்கி, அரித்து, தோல் உரிந்தால், உதட்டில் பட்ட பொருளைத் தேடுங்கள். லிப்ஸ்டிக், லிப் பாம், புதிதாக மாற்றிய பற்பசை எதுவாகவும் இருக்கலாம். ஆண்களுக்கு மேலுதடு மட்டும் வீங்கினால் நான் முதலில் கேட்பது மீசைக்குப் போட்ட கறுப்பு டையைப் பற்றித்தான். பல வருஷம் ஒத்துக்கொண்ட டைகூட திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும். கோடையில் மாங்காயைத் தோலோடு கடித்த பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றித் தடித்து வெந்தது போல் ஆவதற்குக் காம்பிலும் தோலிலும் உள்ள பால்தான் காரணம். கழுவி, தோல் சீவிக் கொடுத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

படி 3: அரிக்கிறதா?

இதுதான் முக்கியமான படி. உணவு அலர்ஜியில் பெரும்பாலும் அரிப்பும், உடம்பில் வேறெங்காவது தடிப்பும் சேர்ந்தே வரும். அரிப்பே இல்லை, தடிப்பே இல்லை, உதடு மட்டும் பலூன் போல வீங்குகிறது என்றால் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பிரஷர் மாத்திரை அட்டையை எடுங்கள்.

அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதன் அருகில் சின்ன எழுத்தில் மருந்தின் உண்மையான பெயர் இருக்கும். அது 'ப்ரில்' என்று முடிகிறதா என்று பாருங்கள்: எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில். பிரஷருக்கும் இதயத்துக்கும் நிறையப் பேர் போடும் நல்ல மருந்துகள்தான் இவை. ஆனால் இவை தடுக்கும் அதே நொதிதான் உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளையும் உடைக்கிறது. அது உடையாமல் தேங்கினால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து உதடு, நாக்கு, தொண்டை வீங்கும். ஹிஸ்டமினுக்கு இதில் வேலையே இல்லை. அலர்ஜி மாத்திரை தடுப்பது ஹிஸ்டமினைத்தான், அதனால்தான் அதைப் போட்டும் பெரிதாகக் கேட்பதில்லை.

"அஞ்சு வருஷமா இதே மாத்திரைதான் போடுறேன், இதுவரை ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். ஆரம்ப வாரங்களில் வருவதுதான் அதிகம் என்றாலும், பல வருஷம் கழித்தும் வரலாம். வந்த வீக்கம் ஓரிரு நாளில் தானாக வடிந்துவிடும், ஆளும் மறந்துவிடுவார், மாத்திரையும் தொடரும். அடுத்த முறை அது தொண்டைக்குப் போகலாம். சர்க்கரைக்கு வில்டாக்ளிப்டின் வகை மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் கூடும். உங்கள் அப்பாவோ அத்தையோ இப்படி உதடு வீங்கி நின்றால், அடுத்த வேளை மாத்திரை போடுவதற்கு முன்பே, அன்றைக்கே டாக்டரிடம் அட்டையோடு போங்கள். அவர் வேறு வகை மருந்துக்கு மாற்றிவிடுவார். அப்புறம் 'ப்ரில்' குடும்பத்தில் எந்த மருந்தும் அவருக்கு வேண்டாம் என்று மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

சின்ன வயதிலிருந்தே அரிப்பில்லாத வீக்கமும் அடிக்கடி தாங்க முடியாத வயிற்றுவலியும் வந்து, குடும்பத்தில் வேறு யாருக்காவதும் அப்படி இருந்தால், பரம்பரையாக வரும் அபூர்வ வகையாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு.

படி 4: வெளிச்சத்தில் உதட்டை மடக்கிப் பாருங்கள்

உதட்டு ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக இருந்து, முந்தின நாள் அங்கே சுள்ளென்று இருந்திருந்தால், அது ஹெர்பிஸ் வைரஸ். ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். ஆறும்வரை கைக்குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள். பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் மிக ஆபத்தானது.

கீழுதட்டின் உள்பக்கம் வலியில்லாமல் நீலம் கலந்த நீர்க்குமிழி இருந்தால், உதட்டைக் கடித்ததில் எச்சில் சுரப்பி சேதமாகி உண்டான கட்டி. குத்தி உடைக்காதீர்கள், மறுபடி வரும். முன்பல்லைத் தட்டினால் வலித்தால், வேரில் சீழ் கோத்திருக்கலாம், பல் டாக்டரிடம் போங்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள பருவை நசுக்கவே கூடாது, அங்கிருக்கும் ரத்தநாளங்கள் வழியாகக் கிருமி மூளைப்பக்கம் போக முடியும்.

பல் எடுக்க மரத்துப்போகும் ஊசி போட்ட பிள்ளைகள், உணர்வில்லாத கீழுதட்டைத் தெரியாமல் மென்றுவிடுவார்கள். மறுநாள் உதடு புடைத்து, மேலே வெள்ளையும் மஞ்சளுமாகப் படலம் தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அது சீழ் இல்லை, புண் ஆறும்போது வரும் படலம்தான். சுரண்டாமல் விட்டால் ஆறிவிடும். காய்ச்சல் வந்தாலோ வீக்கம் பரவினாலோ காட்டுங்கள்.

படி 5: வீட்டில் செய்யக்கூடியது

முதலில் மணியைக் குறித்துக்கொண்டு போனில் போட்டோ எடுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது வீக்கம் வடிந்திருந்தால் அந்தப் படம்தான் சாட்சி. துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைக்கலாம். அரிப்பு இருந்தால் பெரியவர்கள் செட்ரிசின் 10 மில்லிகிராம் ஒன்று போடலாம். தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள். சுண்ணாம்பு தடவும் பழக்கம் உதட்டுக்கு ஆகாது, மெல்லிய தோலை வேகவைத்துவிடும்.

இரண்டு மூன்று வாரமாகியும் வடியாத வீக்கம், கெட்டியான கட்டி, ஆறாத புண் எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலை, ஹான்ஸ், வெற்றிலை போடுகிறவர்கள் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.