மனித உரிமை விருதுக்குப் பெயர் கொடுக்கும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். பல நாடுகளில் மனித உரிமைக்காகப் பாடுபடுகிறவர்களைப் பன்னாட்டு விருதுகளுக்குப் பரிந்துரைப்பது எப்படி என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இரண்டு நாள் வகுப்பு. ஆளுக்கொரு மாதிரிப் படிவம் நிரப்பச் சொன்னோம். ஒரு பெண் பிரமாதமாக எழுதியிருந்தார். வேறொரு நாட்டில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக அலையும் ஒருவரைப் பற்றியது. "அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன். "இல்ல சார், சர்ப்ரைஸா இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்று சிரித்தார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுத்துப்பிழை, சொல் வரம்பு, கையெழுத்து விட்டுப்போவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. ஒரு முறை படிவம் திரும்பி வந்தால் அவை தானாகவே திருந்திவிடும்.

கேட்காமல் பெயர் கொடுப்பது

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்கிழக்கு ஆசியாவில் ஒரு சிறு நகரம். அங்கே தொழிற்சாலைப் பெண்களுக்கு வரவேண்டிய கூலிப் பாக்கியை வாங்கிக் கொடுக்கப் போராடிய ஒரு பெண்மணியை ஒரு கூட்டத்தில் சந்தித்தேன். அவர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டேன், போட்டோ எடுத்துக்கொண்டேன். ஊர் திரும்பியதும் மூன்று இரவுகள் உட்கார்ந்து ஒரு விருதுக்கு அவர் பெயரை எழுதி அனுப்பினேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிடைத்தால் சந்தோஷப்படுவார், கிடைக்காவிட்டால் ஏமாற்றமும் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

கிடைக்கவில்லை. ஆனால் இறுதிப் பட்டியலில் வந்தார். விருது கொடுத்தவர்கள் அந்தப் பட்டியலை வெளியிட்டார்கள். கூடவே அவருடைய போட்டோ, ஊர்ப் பெயர், நான் எழுதியதிலிருந்து சில வரிகள். அதில் ஒரு வரி: ஞாயிறு மாலைகளில் தொழிலாளிகள் கூடுவது இவருடைய வீட்டு மாடியில்தான். படிக்க உயிரோட்டமாக இருக்கட்டும் என்று நான் சேர்த்த வரி அது. பத்தே நாளில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போலீஸ் வந்தது. அவருடைய தம்பி அரசு அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தார், அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நாலு மாதம் கழித்து, மொழிபெயர்க்க ஒரு தோழியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. "நீங்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் என் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று ஊருக்குச் சொல்ல உங்களை யார் கேட்டது?" என்றார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதைச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் உடனே ஒன்று சொல்வார்கள்: "அவங்கதான் ஏற்கெனவே பிரபலமாச்சே, எல்லாம் பேஸ்புக்லயே இருக்கே." இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இப்போதும் கோபம் வரும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தெரிந்தவராக இருப்பது ஒன்று. தலைநகரில் உள்துறை அமைச்சகத்தின் மேசையில் ஒரு வெளிநாட்டு அமைப்பின் முத்திரையோடு கிடப்பது முற்றிலும் வேறு. முதலாவதைச் சமாளிக்கும் வழி அவருக்குத் தெரியும், அதைத்தான் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார். இரண்டாவதை அவர் தலையில் கட்டுவது நாம்.

விலை கொடுப்பது விருது வாங்குகிறவர் மட்டும் அல்ல. சீன எழுத்தாளர் லியு சியாபோவுக்கு 2010-இல் அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் சீனச் சிறையில் 11 ஆண்டுத் தண்டனையில் இருந்தார். ஆஸ்லோவில் அவருடைய நாற்காலி காலியாக இருந்ததை உலகமே பார்த்தது. அவர் மனைவி லியு சியா ஒரு கவிஞர், ஓவியர். அவர்மேல் எந்த வழக்கும் இல்லை. விருது அறிவித்த கையோடு அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். 2018 ஜூலையில் ஜெர்மனிக்குப் போகும்வரை, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. அவருடைய தம்பிக்கு 2013-இல் மோசடி வழக்கில் 11 ஆண்டு சிறை விதித்தார்கள். அந்தப் பரிசு கொடுத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, கொடுத்தது சரிதான். ஆனால் நாம் ஒரு பெயரை எழுதும்போது அந்தப் பெயருக்குப் பின்னால் மனைவி, மைத்துனன், வாடகை வீடு எல்லாம் வரிசையாக நிற்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, எப்படிக் கேட்பது? முடிந்தால் நேரில். முடியாவிட்டால் அவர் நம்பும் ஒருவர் வழியாக. வரைவை வாட்ஸப்பில் தட்டிவிடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூர் 2015-இல், மனித உரிமைக் காப்பாளர்களுக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது பெற்றவர். அடுத்த ஆண்டே அவருடைய போனுக்குப் பெகாசஸ் உளவு மென்பொருளை ஏற்றப் பார்த்தார்கள். வந்த குறுஞ்செய்தியைச் சந்தேகப்பட்டு, அதைத் தொடாமல் ஆய்வாளர்களுக்கு அனுப்பியதால்தான் விஷயம் வெளியே வந்தது. எல்லாருக்கும் அந்த எச்சரிக்கை உணர்வு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எழுதியதை அவர் மொழியில் வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். பெயர், போட்டோ, ஊர், குடும்பம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். பெயர் போடலாம், மகளின் படிப்பைப் பற்றி எழுதாதே என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். இறுதிப் பட்டியல் வெளியாகுமா, ரகசியமா என்று விருது கொடுப்பவர்களிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு அதையும் சொல்லுங்கள். சிறையில் இருப்பவர் என்றால் வழக்கறிஞர் அல்லது குடும்பத்தார் மூலமாகக் கேட்க வேண்டும்.

விழாவுக்கு வர முடியாமல் போனால் அவர் சார்பில் யார் பேசுவது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இது அடிக்கடி நடப்பதுதான். தாய்லாந்து மாணவர் ஜதுபத் 2017-இல் தென்கொரியாவின் குவாங்ஜு மனித உரிமை விருது பெற்றபோது சிறையில் இருந்தார், பெற்றோர்தான் அங்கே போனார்கள். சீனச் சிறையில் இருக்கும் உய்குர் அறிஞர் இல்ஹாம் தோஹ்திக்கு 2019-இல் கிடைத்த, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சகாரோவ் பரிசை வாங்கியது அவர் மகள். 2023-இல், ஈரான் சிறையில் இருந்த நர்கிஸ் முகமதியின் நோபல் பரிசை வாங்கியவர்கள் அவருடைய இரட்டைப் பிள்ளைகள். துர்க்மெனிஸ்தானின் சொல்தான் அச்சிலோவா எழுபது வயதைத் தாண்டிய பத்திரிகையாளர். 2023 நவம்பரில் விருது நிகழ்ச்சிக்காக ஜெனீவாவுக்குக் கிளம்பியவரின் கடவுச்சீட்டை விமான நிலையத்திலேயே பாழாக்கித் திருப்பி அனுப்பினார்கள். மறு ஆண்டு, தொற்றுநோய் என்று சொல்லி மருத்துவமனையில் கொண்டுபோய் வைத்தார்கள்.

இன்னொன்று. பலர் நம் மனம் நோகக் கூடாது என்பதற்காகவே சரி என்று சொல்லிவிடுவார்கள். ஊர் விட்டு ஊர் வந்து ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கும்போது முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது? அதனால் முதல் 'சரி'யை நான் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு வாரம் விட்டு, எனக்கும் அந்த விருதுக்கும் சம்பந்தமில்லாத ஒருவரை விட்டு மறுபடி கேட்கச் சொல்வேன். அப்போது வருகிற பதில்தான் பதில்.

பயிற்சியில் பார்த்த அந்தப் பெண் போன வாரம் கூப்பிட்டார். தான் பரிந்துரைக்க நினைத்தவரிடம் கேட்டுவிட்டாராம். இந்த வருடம் வேண்டாம், வழக்கு ஒன்று தீர்ப்புக்குக் காத்திருக்கிறது, அது முடியட்டும் என்று அவர் சொன்னாராம். படிவத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறோம்.

பட்டங்களால் நிரப்புவது

"அஞ்சாநெஞ்சம் கொண்ட வீராங்கனை", "அடித்தட்டு மக்களின் விடிவெள்ளி" என்றெல்லாம் எழுதினால் அதிலிருந்து நடுவர்களுக்கு எதுவுமே தெரியவராது. அவர்கள் முன்னால் இருக்கும் எல்லாப் படிவத்திலும் ஒரு விடிவெள்ளி இருக்கிறார். எந்த ஆண்டு, எந்த ஊர், என்ன செய்தார், அதனால் என்ன மாறியது, அவருக்கு என்ன நேர்ந்தது என்று எழுதுங்கள். நாற்பது குடும்பங்களுக்குப் பட்டா கிடைத்தது என்றால் அந்த நாற்பதை எழுதுங்கள். வழக்கு எண் இருந்தால் அதையும்.

நோபலுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று நம்புவது

முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர்கள், சில துறைப் பேராசிரியர்கள், முன்பு பரிசு பெற்றவர்கள் என்று தகுதியுள்ளவர்களின் பட்டியல் உண்டு. 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருதுக்கு யாரும் பரிந்துரைக்கலாம், தன்னையும் தன் உறவினரையும் தவிர.

விருது கவசமாகிவிடும் என்று வாக்குக் கொடுப்பது

"இது கிடைத்துவிட்டால் உங்கள்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள்" என்று சம்மதம் கேட்கப் போகும் இடத்தில் சொல்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஹோண்டுராஸில் லென்கா பழங்குடியினரின் குவால்கார்கே ஆற்றைக் காக்க அணைக்கு எதிராக நின்றவர் பெர்த்தா காசெரெஸ். அவருக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்று அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை ஆணையம் 2009-இலேயே சொல்லியிருந்தது. 2015-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தது. 2016 மார்ச் 2 இரவு அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து சுட்டுக் கொன்றார்கள். மெக்சிகோ மலைக்காடுகளைக் காத்த இசித்ரோ பால்தெநெக்ரோ 2005-இல் அதே விருதைப் பெற்றவர். 2017 ஜனவரியில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

சில நேரம் விருது காப்பாற்றுகிறது. தூதரகங்கள் கவனிக்கும், நீதிமன்றத்தில் வெளிநாட்டுப் பார்வையாளர் வந்து உட்காருவார், சிறையில் அடி குறையும். இதைச் சொல்லுங்கள், கூடவே பெர்த்தாவின் கதையையும் சொல்லுங்கள். பிறகு அவர் முடிவெடுக்கட்டும்.

பரிசுப் பணத்தை யோசிக்காமல் விடுவது

ரஷ்யாவில் 2025-இல் மூடப்படும்வரை தேர்தல்களைக் கண்காணித்துவந்த அமைப்பு கோலோஸ். 2012-இல் நார்வேயின் ஹெல்சின்கி குழு என்ற மனித உரிமை அமைப்பு சகாரோவ் பெயரிலான தன் விருதை அதற்குக் கொடுத்தது. பணத்தை வாங்கினால் சிக்கல் என்று தெரிந்து கோலோஸ் திருப்பி அனுப்பிவிட்டது. அப்படியும் விடவில்லை. அந்தப் பரிசுப் பணத்தையே காரணம் காட்டி, 'வெளிநாட்டு முகவர்' என்று பதிவு செய்யவில்லை என்று 2013 ஏப்ரலில் மாஸ்கோ நீதிமன்றம் 3 லட்சம் ரூபிள் அபராதம் போட்டது.

இந்தியாவில் ஓர் அமைப்பு வெளிநாட்டுப் பணம் வாங்க, வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். பணமாக வேண்டுமா, மருத்துவச் செலவாக, வழக்குச் செலவாக நேரடியாகக் கட்டச் சொல்லலாமா, பணமே வேண்டாமா என்று பரிந்துரைக்கும் முன்பே உள்ளூர் ஆடிட்டர் ஒருவரை வைத்துப் பேசிவிடுங்கள்.

ஒருவரை மட்டும் பிரித்து எடுப்பது

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1988-இல் தொடங்கியது 'மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள்' அமைப்பு. தொடங்கியவர்களில் ஒருவரான உடற்கூற்றியல் பேராசிரியர் ராஜினி திரணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் ஊரைவிட்டு வெளியேறி, தலைமறைவாக இருந்துகொண்டே எல்லாத் தரப்பின் அத்துமீறல்களையும் பதிவு செய்து அறிக்கைகள் வெளியிட்டார்கள். 2007-இல் மார்ட்டின் என்னல்ஸ் விருது ராஜன் ஹூல், கோபாலசிங்கம் ஸ்ரீதரன் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. ராஜினியையும், பெயர் சொல்ல முடியாத எத்தனையோ பேர் கொண்டுவந்து கொடுத்த தகவல்களையும் விட்டுவிட்டு அந்த வேலையைப் பற்றி எழுதவே முடியாது.

ஒருவரை மட்டும் மேடையேற்றினால் ஊரில் கசப்பு வரும். நான் பார்த்திருக்கிறேன். இருபது பெண்கள் சேர்ந்து நடத்திய போராட்டம் அது. ஒருவர் மட்டும் ஐரோப்பா போய் வந்தபிறகு அந்தக் குழு மறுபடி கூடவே இல்லை. விதி அனுமதித்தால் அமைப்பின் பெயரிலேயே பரிந்துரையுங்கள். அனுமதிக்காவிட்டால், யார் பெயரைக் கொடுப்பது என்று குழுவே கூடி முடிவு செய்யட்டும்.

இறந்தவர்களைப் பரிந்துரைப்பது

விதியைப் படியுங்கள். நோபலில் முடியாது. ஐ.நா. மனித உரிமைப் பரிசு 2018-இல் பாகிஸ்தானின் மனித உரிமை வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீருக்கு அவர் மறைந்தபின் கிடைத்தது.

ஆங்கிலம் பேசுகிறவர்களையே தேடுவது

நமக்கு எழுதச் சுலபம் என்பதற்காகத் தலைநகரத்தில் இருக்கும், ஆங்கிலம் தெரிந்த வழக்கறிஞர்களையே திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கிறோம். மனித உரிமைக் காப்பாளர்கள் பற்றிய 1998 டிசம்பர் 9-ஆம் தேதி ஐ.நா. பிரகடனம் பட்டமோ பதவியோ கேட்கவில்லை. தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ உரிமைகளுக்காக அமைதியான வழியில் பாடுபடும் எவருக்கும் அது பொருந்தும். கம்போடியாவில் தன் ஊர்க்காரர்களை நிலத்திலிருந்து விரட்டியபோது அதைப் படம்பிடித்து வெளியே கொண்டுவந்த புத்த பிக்கு லுவோன் சோவத் 2012-இல் மார்ட்டின் என்னல்ஸ் விருது பெற்றார். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது.

விழா முடிந்ததும் மறந்துவிடுவது

அகமது மன்சூருக்கு விருது கொடுத்த அன்றே அவருக்குப் பயணத் தடை இருந்தது. 2017 மார்ச்சில் வீடு புகுந்து கைது செய்தார்கள், 2018-இல் 10 ஆண்டு சிறை. விருது வாங்கியவர்களுக்கு நம் தேவை இந்த மாதிரிக் காலத்தில்தான் தொடங்குகிறது. அப்போது பரிந்துரைத்தவர் அடுத்த படிவத்தில் மும்முரமாக இருப்பார்.

நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நான் பெயர் கொடுத்த ஒவ்வொருவரின் வழக்குத் தேதியையும், கடவுச்சீட்டு முடியும் தேதியையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைக்கிறேன். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பு விருது கொடுத்த அமைப்புக்கு ஒரு கடிதம் போகும், அவருக்கு ஒரு போன் போகும். அந்தத் தென்கிழக்கு ஆசியப் பெண்மணியின் பெயரும் அதில் இருக்கிறது. போன் செய்தால் எடுப்பார், தம்பியைப் பற்றிக் கேட்பேன், சொல்வார்.