தீபாவளிக்கு முதல் நாள் கொண்டுபோய்க் கொடுக்காதீங்கப்பா

மதுரையில எங்க ஏரியா பயலுக கஷ்டப்படுற குடும்பங்களுக்கு தீபாவளி சாமான் கொடுக்கணும்னு ஒரு வாட்ஸ்ஆப் குரூப் ஆரம்பிச்சிருக்கானுக. நல்ல பயலுகதான். பிளானைக் கொண்டாந்து காட்டுனானுக: தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், பந்தல், டோக்கன், பேனர். எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு, ஏன்னா எட்டு வருஷத்துக்கு முந்தி நாங்க போட்ட பிளானும் அச்சு அசலா இதேதான். வண்டு விழுந்த பருப்பைக் கொடுக்காதீங்க, கிழிஞ்ச துணியைக் கொடுக்காதீங்கன்னெல்லாம் நான் எழுதப்போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் கொடுக்கறது

இன்னைக்கு நினைச்சாலும் எரிச்சலா வர்ற தப்பு இதான். அந்த வருஷம் 26 வீடு. வீட்டுக்கு உளுந்து, கடலை எண்ணெய், சீனி, கடலைமாவு, ஒரு சேலை. கீழமாசி வீதில சாமான், விளக்குத்தூண்ல சேலை, அந்த தீபாவளிக் கூட்டத்துல நசுங்கி வாங்கிட்டு, பெருமையா நைட்டு எட்டு மணிக்கு செல்லூர்ல ஒரு அக்கா வீட்டு வாசல்ல போய் நிக்கிறோம். அவங்க வீட்டுக்காரர் கொத்தனார், ஐப்பசி மழைல ரெண்டு வாரமா வேலை இல்ல. அக்கா பையை வாங்கி உள்ள வைக்கிறாங்க, எட்டிப் பாத்தா அங்க ஏற்கனவே உளுந்து ஊறிக்கிட்டிருக்கு, எண்ணெய் பாக்கெட்டு இருக்கு, புள்ளைகளுக்குத் துணியும் எடுத்தாச்சு. எல்லாம் தண்டல் காசு.

தண்டல்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்க பக்கம் 10,000 ரூபா தண்டல் கடன் எடுத்தா வட்டியை முன்னாடியே பிடிச்சது போக கையில வர்றது 8,500, சில ஆளு 9,000 தருவான். தினம் நூறு ரூபா, நூறு நாளைக்குக் கட்டணும். மழை பேஞ்சு வேலை இல்லாட்டியும் வண்டி சாயங்காலம் வாசலுக்கு வந்துரும். "ஒரு வாரத்துக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லிருந்தீகன்னா நான் வட்டிக்கே போயிருக்க மாட்டேனே தம்பி"ன்னு அந்தக்கா சொன்னாங்க. கோவமா சொல்லல, அதான் கஷ்டமா இருந்துச்சு. எந்தப் பொம்பளையும் புள்ளைய வச்சுக்கிட்டு நீங்க வருவீகளா மாட்டீகளான்னு கடைசி நாள் வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்க மாட்டா, அவ பத்து நாளைக்கு முன்னாடியே கடனுக்குப் போயிருவா. கணக்குப் போட்டுப் பாருங்க, 2025ல தீபாவளி அக்டோபர் 20. அந்த 12ஆம் தேதி தண்டல் எடுத்திருந்தா முடியறது ஜனவரி 20. பொங்கலும் அந்தக் கடன்லயே போயிரும்.

சேலை கதை இதவிடக் கேவலம். நாங்க 26 சேலை கொடுத்தோம்ல, தீபாவளி அன்னைக்கு ஒருத்தர் கூட கட்டல. எங்க செட்ல ஒருத்தன் வேற "கொடுத்தத கட்டக்கூட இல்ல பாத்தியா"ன்னு மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்சான். எங்கம்மாதான் திட்டுச்சு, ஏன்டா ஜாக்கெட் இல்லாம எப்படிரா கட்டுவாகன்னு. டெய்லர்லாம் தீபாவளிக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஆர்டர் எடுக்கறத நிறுத்திருவாங்க, டெய்லருக இருக்கற குன்னத்தூர் சத்திரத்துல போய் நின்னாலும் அண்ணே மன்னிச்சுக்கங்கதான். எடுத்தாலும் லைனிங் வச்சுத் தைக்கிற கூலி நாங்க எடுத்த சேலை விலைக்கே கிட்ட வருது. அப்ப நாங்க கொடுத்தது உதவியா செலவான்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப நாங்க செய்யறது வேற. அழகர் ஆத்துல இறங்கி முடிஞ்ச மறுவாரமே வசூல் ஆரம்பம், ஆளுக்கு மாசம் 200, சீட்டு மாதிரி. போனஸ் வரட்டும் தர்றேன்னு சொல்ற ஆளுகளை நம்பி உக்காந்தா முதல் நாள்தான் காசு கைக்கு வரும், அதுலதான் எல்லாமே கெட்டுப்போச்சு. துணி ஆடித் தள்ளுபடிலயே எடுத்துருவோம். புரட்டாசி பொறந்ததுமே சேலையும் தையக்கூலியும் சேர்த்து வீட்டுல போய்க் கொடுத்துட்டு, சாமான் இன்ன தேதிக்கு வரும்னு சொல்லிட்டு வந்துருவோம். சாமானை விட அந்தச் சொல்லிட்டு வர்றதுதான் முக்கியம்.

புள்ளைகளுக்கு வயசு கேட்டு துணி எடுக்கறது

சைஸ் கேளுங்க. பத்து வயசுப் பையன் ஒருத்தன் 26 போடுவான், இன்னொருத்தன் 32 போடுவான். ஹோல்சேல்ல எடுத்தத திரும்ப வாங்க மாட்டாங்க, எங்ககிட்ட ஒரு மூட்டை ரெண்டு வருஷம் கெடந்துச்சு.

பொங்கலுக்கு பச்சரிசி

2025 பொங்கலுக்கு ரேஷன்லயே அரிசி கார்டுக்கு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சீனி, ஒரு முழுக்கரும்பு கொடுத்தாங்க. வேட்டி சேலை 1983ல இருந்து வருது. நீங்களும் அதையே தூக்கிட்டுப் போனா எப்படி? வெல்லம், நெய், காய்கறி, கேஸ் சிலிண்டருக்கு காசுன்னு யோசிங்க. கார்டு இல்லாம வாடகைக்கு இருக்கவங்க கதை வேற, அவங்களுக்கு அரிசியே கொடுக்கலாம், கேட்டுட்டுக் கொடுங்க.

போட்டோ

வேணாம்.

தீபாவளிக்கு மட்டும் கொடுக்கறது

கோரிப்பாளையத்துல ரம்ஜானுக்கும் இதே தண்டல் வண்டிதான் வருது.

இந்த வருஷம் ஏற்கனவே லேட்டாயிருச்சுன்னா

அந்தப் பயலுக கேட்டதும் இதான், அண்ணே இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு என்ன செய்யன்னு. பந்தலுக்கும் பேனருக்கும் கொடுத்த அட்வான்ஸை முதல்ல திரும்ப வாங்குங்கடான்னேன். சாமான் வாங்காதீங்க, கவர்ல காசா வச்சு நாளைக்கே வீடு வீடாப் போய்க் கொடுங்க, இன்னும் கடனுக்குப் போகாதவங்க ரெண்டு பேராவது மிஞ்சுவாங்க. போயிட்டவங்களுக்கு அது பத்து நாள் தண்டலுக்காவது ஆகும். டோக்கன் அடிச்சாச்சேண்ணேங்கறான் ஒருத்தன்.